முன்னால் போகிறவரின் கை

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை, மேடம். உட்காருகிறவர் ஆடிக்கொண்டே இருப்பார், நீங்கள் அவர் பயத்தில் ஆடுகிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் போதும். வைத்துவிட்டேன். இனி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை, நானாகவே வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் நல்லது.

நான் லிஃப்ட் மெக்கானிக். உங்கள் கட்டிடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்கும்போது லேசாக ஒரு குலுக்கு குலுக்குகிறது. ஆபத்தில்லை, ஆனாலும் ஆளை வரச்சொல்லிப் பாருங்கள். என் தொழிலில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். மேலே இருக்கிற கயிற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. கதவு திறந்ததும் ஏறிவிடுவார்கள், கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்வார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. இத்தனை வருடத்தில் என் கைப்பட்ட லிஃப்டில் ஒரு குழந்தையின் விரல்கூட நசுங்கியதில்லை.

என் தம்பிக்கும் உயரத்தில்தான் வேலை. கயிற்றில் தொங்கிக்கொண்டு பெரிய கட்டிடங்களின் கண்ணாடியைத் துடைப்பான். சில நாள் ஒரே கட்டிடத்தில் நான் உள்ளே லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், அவன் வெளியே வெயிலில் பாட்டுப் பாடிக்கொண்டு தொங்குவான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். அக்காவுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவன்தான் காரணம் என்று நான் ஒரு பேச்சுக்குக்கூடச் சொன்னதில்லை, அவனாகவே நினைத்துக்கொண்டு சில சமயம் வருத்தப்படுவான்.

சைக்கிள் பழக்கம் டாக்டரால் வந்தது. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் அவர். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று பேசிக்கொண்டே இருந்தார். எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. பஞ்சை எடுத்தபோது நான் சம்மதித்ததாகவே முடிவாகியிருந்தது. தம்பியும் கூடவே ஒட்டிக்கொண்டான். நாலாவது ஆள் மெத்தைக் கடை வைத்திருக்கிறவன். அவன் வாய் மூடாது என்பதால் அவனுக்கு மைக் என்று பெயர். என்னை லிஃப்ட்டு என்பார்கள், தம்பியைக் குட்டி என்பார்கள். டாக்டரை மட்டும் எல்லோரும் டாக்டர் என்றுதான் சொல்வோம். வயதில் மூத்தவர், பல்லைப் பிடுங்கியவர் வேறு.

மேட்டில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கினால் அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "என்ன லிஃப்ட்டு, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டியா? ஆளைக் கூப்பிடவா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மனிதர் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வழி எப்போதும் ஒன்றுதான். பெட்ரோல் பங்க் முன்னால் கூடுவோம். சிமெண்ட் கிடங்கு தாண்டி, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, வாய்க்கால் கரைச் சாலையைப் பிடித்தால் அணைக்கட்டு வரை நேராகப் போகும். அங்கே ஒரு டீக்கடை. டீயைக் குடித்துவிட்டு மேடேறி, அந்தப் பக்கம் இறங்கி, ஊருக்குத் திரும்பிவிடுவோம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்வரக்கூடிய வழி. உண்மையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போவோம். அதை உங்களுக்கு விளக்க வேண்டும், இல்லையென்றால் நடந்தது புரியாது.

சைக்கிளில் வேகமாகப் போகிறவனுக்கு எதிரி காற்றுதான். அதனால் ஒருவர் பின் ஒருவராகப் போவோம். முன்னால் போகிற சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் அடுத்த சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். முன்னவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். ஆனால் பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால்தான் கை. இடது கையைக் கீழே நீட்டி விரலால் காட்டினால் இடது பக்கம் குழி. வலது கை என்றால் வலது பக்கம். உள்ளங்கையை விரித்தால் நில். டாக்டர் காட்டுவதை நான் காட்ட வேண்டும், என்னைப் பார்த்துத் தம்பி, தம்பியைப் பார்த்து மைக். மைக் எப்போதும் கடைசி. அவன் பேச்சு காற்றோடு பின்னால் போய்விடட்டும் என்று அங்கே விட்டிருந்தோம். "கை தூங்கக் கூடாது" என்று டாக்டர் ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது சொல்வார். சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

தம்பி விழுந்தது வாய்க்கால் கரைச் சாலையில், பம்ப் ஹவுஸைத் தாண்டி. குழாய் பதிக்கிறவர்கள் சாலையின் இடது பாதியைத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மண் உள்ளே இறங்கிவிட்டது. போன வாரம் இல்லாத குழி. காற்று முதுகுப் பக்கம் இருந்ததால் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். டாக்டர் வலப்பக்கம் ஒதுங்கினார். அவர் சக்கரத்தோடு என் சக்கரமும் ஒதுங்கியது. பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவன் சைக்கிள் ஓரிடத்தில் கிடந்தது, அவன் இன்னோரிடத்தில், வாய்க்கால் சுவரை ஒட்டிக் கிடந்தான். கொஞ்சம் பின்தங்கியிருந்த மைக் சைக்கிளை ஒடித்துத் தப்பியிருந்தான். எழுந்திருக்கச் சொன்னேன். "எழுந்திருக்கிறேண்ணா" என்றான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

வாரம் முழுக்கக் கயிற்றில் தொங்கி ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்தவன். இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டாக்டர் கை காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் காட்டியிருப்பேன், நான் காட்டியிருந்தால் தம்பி ஒதுங்கியிருப்பான். இது எல்லோருக்கும் புரிகிற கணக்கு. தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். ஒருநாள் டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் வழிமறித்துக் கேட்டேன்.

"நீங்க ஏன் கை காட்டல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அறைக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆமா. காட்டல. என் தப்புதான்" என்றார்.

மைக்கும் கேட்டான், துணைக்கு வந்திருந்த அக்காவும் கேட்டாள். அவர் தன் வாயால் ஒப்புக்கொண்டார் என்பதைத் தயவுசெய்து தெளிவாக எழுதுங்கள். நான் செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. நான் எதையும் யூகத்தில் செய்கிறவன் இல்லை.

ஒப்புக்கொண்டதோடு அவர் நிறுத்தியிருந்தால்கூட ஒருவேளை நான் மறந்திருப்பேன். அவர் நல்லது செய்ய ஆரம்பித்துவிட்டார். தெரிந்த எலும்பு டாக்டர்களைக் கூட்டிவந்தார். எங்கள் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஆளை வைத்துச் சரிவு கட்டிக்கொடுத்தார். வாரத்தில் ஒருநாள் வந்து தம்பியோடு கேரம் ஆடுவார். இருவரும் சிரிப்பார்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்பேன். ஒருவனின் காலை வாங்கிக்கொண்டு அவனோடு கேரம் ஆடுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் போன பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைப்பேன்.

தம்பியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான் செய்தேன். வேறு ஆளை விட்டதில்லை. புரட்டும்போதெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்வேன். டாக்டருக்கு இரண்டு காலும் இருக்கின்றன.

கொஞ்ச காலம் கழித்து நான் மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். மைக்குக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்பா, உன் சைக்கிளுக்கு நான்தான் வாரா வாரம் காத்து அடிச்சு வெச்சிருக்கேன்" என்றான். அது பொய், டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. டாக்டர் என் தோளில் கைவைத்தார். தம்பி விழுந்ததிலிருந்து அவர் முன்னால் போவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. மைக்கை முன்னால் விட்டு, அவன் பேச்சு முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறார். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நீ முன்னாடி போ லிஃப்ட்டு" என்றார். "உன் கையப் பாத்துக்கிட்டே வந்துடறேன்."

அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. இதை நீங்கள் நம்பாமல் போகலாம். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் வந்தது.

முன்னால் போக ஆரம்பித்தேன். அவர் எனக்குப் பின்னால், மைக் கடைசியில். என்னைப்போல் கை காட்டியவர்கள் இருக்கமாட்டார்கள், மேடம். குழியைக் காட்டினேன், கல்லைக் காட்டினேன், சாக்கடை மூடியைக் காட்டினேன். உடைந்த கண்ணாடித் துண்டு, ஈரமான இடம், ஒருமுறை காய்ந்த இலையைக்கூடக் காட்டினேன். மைக் கேலி செய்தான். "எறும்பு போகுதுப்பா, அதையும் காட்டிடு." டாக்டர் அவனை அடக்கினார். "விடு, அவன் அப்படி இருக்கறதுதான் நமக்கு நல்லது" என்றார். என் அக்கறை அவருக்கு எதை ஞாபகப்படுத்தியதோ, ஒருநாள் டீக்கடையில் அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் அவர் சாலையைப் பார்ப்பதை மறப்பதுதான். புதிதாக லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் முதல் வாரம் எல்லோரும் கொஞ்சம் தயங்கித்தான் ஏறுவார்கள். பிறகு ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். அவரும் அப்படித்தான். முதலில் அவ்வப்போது எட்டிப்பார்ப்பார். கோடை முடிவதற்குள் அவர் தலை நிமிர்வதே இல்லை. என் இடுப்பையும் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு, குழந்தை மாதிரி வருவார்.

நிறையக் குழிகள் வந்தன. எல்லாம் சின்னக் குழிகள், எல்லாவற்றையும் காட்டினேன். முழங்கையில் தோல் உரிவதற்காக இவ்வளவு பாடுபட முடியாது. சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் எங்கள் வழியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன். கயிற்றைச் சோதிக்கப் போகிற மாதிரி, ஒழுங்காகப் போவேன். தம்பி எங்கே போகிறாய் என்று கேட்டால் சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன். நான் அவனிடம் பொய் சொல்வதில்லை.

மழை முடிந்த பிறகு கிடைத்தது. அணைக்கட்டு மேட்டிலிருந்து இறங்குகிற சாலையில், வளைவு முடிந்ததும் ஒரு சின்னப் பாலம் வரும். அதன் ஓரத்தில் தண்ணீர் வடிவதற்காகப் பதித்திருந்த இரும்புக் கம்பி மூடியை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். சக்கரம் இறங்கினால் வெளியே வராது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் பக்கத்திலேயே இருந்தது. நல்ல மனது உள்ள யாரோ ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் சொருகி, சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். நான் அந்தக் கிளையை எடுத்துத் துணியோடு கீழே ஓடையில் போட்டேன். சாலையில் கிளை கிடப்பதும் ஆபத்துதான்.

அன்று மாலையே மைக்குக்கு ஃபோன் செய்து, நாளைக்கு யாரும் போகவில்லை, டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்றேன். மைக் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், டாக்டருக்குப் பின்னால் வந்தால் அவனும் போய் மோதுவான். சம்பந்தமில்லாதவனுக்கு அடிபடுவதை நான் ஒருபோதும் விரும்பவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் நாங்கள் இருவர் மட்டும்தான். மைக் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார், கடையில் தள்ளுபடி விற்பனை என்றேன். "அப்போ இன்னைக்கு அமைதியா போகலாம்" என்று சிரித்தார். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. டீக்கடையில் தம்பியைப் பற்றிப் பேசினார். கையால் பெடல் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று இருக்கிறதாம், அதைத் தம்பிக்குத் தருவிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாராம். "குட்டி மறுபடியும் நம்மகூட வருவான், பாரு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கே வருவான்? இவருக்குப் பின்னாலா?

மேடேறினோம். இறக்கத்தில் நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனேன். வளைவுக்கு முன்னால் கிடந்த கல்லை வலது கையால் காட்டினேன், அவர் ஒதுங்கினார். அடுத்த கல்லையும் காட்டினேன். பாலம் வந்தது. என் சைக்கிளைப் பள்ளத்தை நோக்கியே விட்டேன், அவரும் அதே கோட்டில் வந்தார். கடைசி நேரத்தில் உடம்பை மட்டும் சாய்த்து விலகினேன். கைகள் இரண்டும் ஹேண்டில் மேலேயே இருந்தன. நான் செய்தது அவ்வளவுதான். சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கையை நீட்டாமல் இருந்ததற்கு ஒரு பெயர் இருக்கும் என்று நம்புகிறேன்.

சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றேன். இறக்கத்தில் சட்டென்று பிரேக் பிடிப்பது தப்பு. பிறகு திரும்பி வந்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கழுத்து அசையாமல் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தம்பி விழுந்த அன்று டாக்டர் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார், அவரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். அவருக்கு நினைவு இருந்தது. கால் இருப்பதே தெரியவில்லை என்றார். தெரியாது என்றேன்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் கூட இல்லேன்னா அவர் அங்கேயே கிடந்து போயிருப்பார் தம்பி. உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றார். உடம்பு சரியில்லாதவர் ஏன் கிளம்பினார் என்று மைக் கேட்டான், காலையில் சரியாகிவிட்டது என்று வந்தார் என்றேன், என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். உன் மேல் தப்பில்லை என்று எல்லோரும் மாறி மாறிச் சொன்னார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்த ஒரு காரியத்தை விபத்து என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்கள். பழி வாங்கியது வாங்கப்பட்டவருக்கே தெரியவில்லை என்றால் அதற்குப் பெயர் பழியா?

அதனால் அவரிடமே சொன்னேன். அவர் மனைவி வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவரக் கிளம்பியிருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் அவரால் திரும்ப முடியாது. குனிந்து முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னேன். "பள்ளத்த நான் பாத்தேன் டாக்டர். நேத்தே பாத்தேன். வேணும்னேதான் காட்டல. என் தம்பிக்கு நீங்க செஞ்சத நான் உங்களுக்குத் திருப்பிச் செஞ்சுட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். நர்ஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை, பயமும் இல்லை. ஏதோ ஒரு கணக்கைப் போட்டு முடித்தவர் மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

"குட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

அவ்வளவுதான். செய்த தப்புக்குத் தண்டனை கிடைத்தது தம்பிக்குத் தெரிந்தால் அவமானம் என்று நினைக்கிறார் போல, என்று நான் எடுத்துக்கொண்டேன். சாகிற நேரத்திலும் கௌரவம் பார்க்கிறார். மறுநாள் காலை நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது என்றார்கள். போய்விட்டார். நான் அவரைச் சாகடிக்க நினைக்கவில்லை. ஒரு சக்கர நாற்காலியைத்தான் நினைத்திருந்தேன். ஆனாலும் நடந்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தம்பி அழுது முகம் வீங்கிக் கிடந்தான். டாக்டரை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அவனுக்குச் சவரம் செய்துவிடுகிற நாள் அது. முகத்தில் நுரையைத் தடவி, ஒரு கன்னத்தை வழித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். அவனுக்காகச் செய்தது, அவனுக்குத் தெரியாமல் இருந்தால் எப்படி? கை காட்டிப் பழக்கியதிலிருந்து கிளையை எடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் நீ அழ வேண்டாம், அவரவர் கணக்கு தீர்ந்துவிட்டது என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்தது. கத்தியைக் கீழே வைக்கச் சொன்னான். வைத்தேன்.

"டாக்டர் கை காட்டினாருண்ணா" என்றான்.

நான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"உன் இடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கை கீழ இறங்கறத நான் பாத்தேன். எதைக் காட்டறாருன்னு எனக்குத் தெரியல, நீ மறைச்சுக்கிட்டு இருந்த. நீ காட்டுவேன்னு உன் கையப் பாத்தேன். உன் கையில பாட்டில் இருந்துச்சு. தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த."

அவன் மேலே சொன்னான். "ஆஸ்பத்திரியில நீ வாய் ஓயாம அவர் காட்டல, அவர் காட்டலன்னே சொல்லிக்கிட்டு இருந்த. உனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லன்னு நினைச்சேன். நான்தான் டாக்டர்கிட்ட கெஞ்சினேன். அண்ணன் கேட்டா காட்டலன்னே சொல்லிடுங்க டாக்டர், எனக்குக் கால்தான் போச்சு, தெரிஞ்சா அவனுக்கு உசுரே போயிடும்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னாரு. எனக்காக சரின்னாருண்ணா. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

நீ ஏன் கொன்றாய், கொன்றது நான் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. பாதி நுரையோடு ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். அவளும் மாமாவும் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவனைத் தூக்க நான் குனிந்தபோது, "நீ தொடாத" என்றான். மாமாவுக்கு அவனைத் தூக்கத் தெரியவில்லை, இடுப்பைப் பிடிக்காமல் கக்கத்தைப் பிடித்தார். காருக்குள் ஏற்றிய பிறகு தம்பி கண்ணாடியை இறக்கினான். "நீயே போய் சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றான். நானே போகிறேன் என்றேன். அவன் முகத்தில் ஒரு பக்கம் இன்னும் சவரம் செய்யாமல் இருந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது, மேடம். நியாயமாகப் பார்த்தால் டாக்டர் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தே பொய் சொன்னார். அவர் பொய்யை நம்பித்தான் நான் இவ்வளவும் செய்தேன். தம்பியும் என்னிடம் மறைத்துவிட்டான். என்னைச் சுற்றி இருந்தவர்களில் பொய் சொல்லாதவன் நான் ஒருவன்தான்.

நீங்கள் இன்னும் ஒன்றைக் கேட்கவில்லை. எப்படியும் கேட்பீர்கள். அந்தக் கையை நான் பார்த்தேனா என்று. பார்த்தேன். இடது கை, விரல் கீழே, தெளிவாகவே காட்டினார். ஞாபகம் இல்லாமல் இல்லை, ஒருநாளும் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அப்போதுதான் பாட்டிலை வாயில் வைத்திருந்தேன். வெயில், தொண்டை காய்ந்து போயிருந்தது. ஒரு வாய் தண்ணீர், அவ்வளவு நேரம்தான். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவதல்லவா முறை? நான் குடித்து முடிக்கும்வரை அவர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.